ரெண்டு அங்குல வயர்

போன வாரம் எங்கள் தொழில்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் ஒரு படம் போட்டார். எட்டுக் கதவு ஆக்சஸ் கன்ட்ரோல் பேனல். வயர் ஓட சாம்பல் நிற டக்ட், எல்லாவற்றுக்கும் மூடி, ஒரு வயர்கூட வெளியே தெரியவில்லை. கேபிள் டை எல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து போட்டமாதிரி. கீழே "சூப்பர் தலைவா", "வேற லெவல்" என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. ஏன் என்று அங்கே எழுதினால் சண்டை வரும். அதனால் இங்கே வந்துவிட்டேன்.

எனக்குத் தொழில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கிற கம்பெனிகளில் கதவுக்கு கார்டு ரீடர், கேமரா, ஃபயர் அலாரம் போடுவது. பெரிய கான்ட்ராக்டர் எடுத்து, அவரிடமிருந்து சின்னவர் எடுத்து, அவரிடமிருந்து நான் எடுப்பேன். ஆக, பேனலுக்குள் உண்மையிலேயே கை விடுகிற ஆள் நான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக் கதவில் கார்டைக் காட்டினால் 'பீப்' என்று கேட்குமே, அந்த ரீடருக்கு மூளை கிடையாது. கார்டின் எண்ணை வாசித்து வயர் வழியாக அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவது எங்கேயோ ஒரு ரூமில் சுவரில் தொங்குகிற இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு கன்ட்ரோலர் போர்டு, 230 வோல்ட்டை 12 வோல்ட் டி.சி. ஆக்குகிற எஸ்.எம்.பி.எஸ்., கரண்ட் போனால் தாங்க ஒரு 7 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒவ்வொரு கதவிலிருந்தும் ரீடர் வயர், லாக் வயர், எக்ஸிட் பட்டன் வயர், கதவு மூடியிருக்கிறதா என்று சொல்கிற சென்சார் வயர் எல்லாம் இங்கே வந்து சேரும். எட்டுக் கதவென்றால் நூறு வயர் முனைக்குக் குறையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். பேனல் நான் போட்டதில்லை, ஆனால் பராமரிப்பு என்னிடம் வந்திருந்தது. முதல் தடவை திறந்தபோது அசந்துபோனேன். வாட்ஸ்அப் படத்தில் பார்த்தேன் என்றேனே, அதே மாதிரி. நானே போட்டோ எடுத்து எங்கள் பையன்களுக்கு அனுப்பி, "பாத்துக் கத்துக்கோங்கடா" என்று எழுதினேன்.

ரெண்டு மாசம் கழித்து அங்கே தீ ஒத்திகை. சைரன் அடித்தது, ஜனம் கிளம்பியது. மைதானத்துப் பக்கம் திறக்கிற கதவு மட்டும் இல்லை, எட்டுக் கதவும் பூட்டியபடியே நின்றன. ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் கதவோரம் அவசரத்துக்கு இருந்த பச்சைப் பெட்டியை உடைத்துத் திறந்துவிட்டார். பாதுகாப்பு அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

காந்தப் பூட்டு, நாங்கள் ஈ.எம். லாக் என்போம், கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் பிடிக்கும். கரண்டை வெட்டினால் கதவு விட்டுவிடும். அதனால் லாக்குகளுக்குப் போகிற 12 வோல்ட் லைனை ஃபயர் பேனலின் ஒரு ரிலே வழியாகக் கொண்டுபோவோம். அலாரம் அடித்தால் ரிலே பிரியும், லைன் அறுபடும், எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். சாஃப்ட்வேர் இதில் தலையிடக் கூடாது. ஃபயர் சிக்னலை கன்ட்ரோலரின் இன்புட்டில் கொடுத்து, 'வந்தால் எல்லாவற்றையும் திற' என்று புரோகிராம் பண்ணிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்டு ஹேங் ஆன அன்றைக்குத்தான் தீ பிடிக்கும்.

அன்றைக்கு பேனலைத் திறந்து டக்ட் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலாவது மூடிக்கு அடியில் இருந்தது. ஃபயர் ரிலேயின் ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு லூப். ரெண்டு அங்குலம் இருக்கும், சிவப்பு வயர். யாரோ எப்போதோ பொய் அலாரம் அடித்துக் கதவெல்லாம் திறந்துகொண்ட ஒரு ராத்திரியில், 'இப்போதைக்கு' என்று போட்ட லூப். காலையில் எடுக்க மறந்திருப்பான். பிறகு வந்த இன்னொருத்தன் பேனலை அழகாக டிரெஸ் பண்ணியபோது, அந்த லூப்பையும் சேர்த்து அழகாக மூடிவிட்டான். நானும் அதைத்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

1911 மார்ச் 25, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலையாட்கள் துணி திருடாமல் இருக்கப் போட்ட பூட்டு. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வெளியேறும் கதவு உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆக்சஸ் கன்ட்ரோல் போடுகிறவன் பூட்டுக்காரன்தான். ஒத்திகை நடந்த அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பேனல் நேர்த்தியா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான். இந்தப் பேனலை இதுவரை பார்க்காத ஒருத்தனைக் கூப்பிட்டு, "ஆறாம் கதவு லாக் வயரைக் காட்டு" என்பேன். எதையும் இழுக்காமல், எதையும் கழற்றாமல், ஒரு நிமிஷத்துக்குள் விரல் வைத்துக் காட்டினால் பேனல் பாஸ். படத்தில் எப்படி விழுகிறது என்பதெல்லாம் அப்புறம்.

இந்தச் சோதனையில் முதலில் காலை வாருவது நிறம். இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் இது தனிக் குழப்பம்.

நம் ஊரில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு வருகிற பையனுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். வீட்டு வயரிங்கில் ஊறிப்போனது. அதே பையன் இங்கே வருகிறான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்களின் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிக்கொண்டு போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் ஜெர்மன்காரர்களின் டைம்லர். இவர்களோடு சேர்ந்து உதிரிபாகக் கம்பெனிகளும், அவரவர் நாட்டு மெஷின்களும். மெஷின் பேனல்களுக்கு ஐ.இ.சி. 60204-1 என்று ஒரு சர்வதேசத் தரம். அதன்படி பவர் சர்க்யூட் கறுப்பு. ஏ.சி. கன்ட்ரோல் சிவப்பு. டி.சி. கன்ட்ரோல் நீலம். நியூட்ரலோ வெளிர் நீலம். ஆக, நீல வயர் ஒன்று தொங்கினால், வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு அது 230 வோல்ட் ஃபேஸ். மெஷின்காரனுக்கு 24 வோல்ட். கொஞ்சம் வெளுத்திருந்தால் நியூட்ரல்.

இதோடு எங்கள் சரக்கு சேரும். பெரும்பாலான வீகண்ட் ரீடரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், பச்சை டேட்டா-0, வெள்ளை டேட்டா-1. (வீகண்ட் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் வீகண்ட் கண்டுபிடித்த ஒரு விசேஷ உலோகக் கம்பியை வைத்துத்தான் பழைய கார்டுகள் வேலை செய்தன. கம்பி போய்விட்டது, பெயர் வயரில் ஒட்டிக்கொண்டது.) வல்லம் வடகால் பக்கம் ஒரு சைட்டில் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரின் ஆள், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நாலு ரீடரின் பச்சை வயரையும் ஒழுங்காக லக் அடித்து எர்த் பாரில் முறுக்கிவிட்டார். கார்டைக் காட்டினால் 'பீப்' வருகிறது, கதவு திறக்கவில்லை. நான் போய்ப் பார்த்து, "அண்ணே, பச்சையை ஏன் எர்த்ல குடுத்தீங்க?" என்றேன். "பச்சைய வேற எங்க குடுப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

சிரிக்காத பக்கம் ஒன்று உண்டு. 12 வோல்ட்டிலும் சிவப்பு-கறுப்பு, 230 வோல்ட்டிலும் சிவப்பு-கறுப்பு. ரெண்டும் ஒரே டக்டில் கட்டிவிட்டால், மூடி போட்ட பிறகு யாருக்குத் தெரியும் எது எது என்று? 'எல்லாம் லோ வோல்டேஜ்தானே' என்று பேனலில் கை விடுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. டெஸ்டர்கூட எடுக்க மாட்டார்கள். ஐ.எஸ். 732 என்கிற நம் நாட்டு வயரிங் விதிமுறை ரெண்டு வோல்டேஜையும் பிரித்து வைக்கச் சொல்கிறது. நான் அதைப் பெட்டிக்குள் இப்படிச் செய்கிறேன்: மெயின்ஸ் வலது கீழ் மூலையில் ஒரு எம்.சி.பி.யில் இறங்கும். அங்கிருந்து எஸ்.எம்.பி.எஸ். வரைக்கும் அதற்கென்று தனி டக்ட், டெர்மினல் மேல் கண்ணாடிமாதிரி ஒரு மூடி. அந்த மூலையைத் தாண்டி 230 வோல்ட் ஒரு அங்குலம்கூட வராது. டி.சி.க்கு நான் சிவப்பு-கறுப்பு எடுப்பதே இல்லை, கையில் என்ன இருக்கிறதோ, நீலமும் சாம்பலும், ஏதோ ஒன்று, ஆனால் பேனல் முழுக்க ஒரே மாதிரி. அப்புறம் ஆரஞ்சு. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கிற வயருக்கு ஆரஞ்சு என்று அந்த மெஷின் தரத்தில் இருக்கிறது. வேறெங்கிருந்தோ வருகிற ஃபயர் லைனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். எங்கள் பேனலில் ஆரஞ்சு என்றால் ஃபயர், வேறு எதற்கும் கிடையாது. லூப் போட்டாலும் ஆரஞ்சுக்கு நடுவில் அந்நிய நிறமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முனை கட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் தம்பி கோபித்துக்கொள்வான். வாலாஜாபாத்துக்காரன், என்னிடம் வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் வயரைப் பல்லால் கடித்து உரித்து, விரலால் முறுக்கி, டெர்மினலில் சொருகித் திருகுவான். நல்லாத்தான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடி கனம், வெளியே வளைந்து பக்கத்து டெர்மினலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்குத் தொடாது. கம்ப்ரஸர் ஓடி ஓடி சுவர் அதிர்ந்து, ஆறு மாசம் கழித்து ஒரு நாள் தொடும். இப்போது எட்டு மில்லிமீட்டர் உரித்து, ஃபெர்ரூல் என்கிற நம்பர் வளையத்தை முதலில் மாட்டி, பின் லக் போட்டு, கிரிம்ப் பண்ணி, திருகிவிட்டு ஒரு இழு இழுத்துப் பார்ப்பான். ஃபெர்ரூலை மாட்ட மறந்து லக்கை அடித்துவிட்டு, மறுபடி வெட்டி எடுக்கிற கூத்து இன்னமும் நடக்கிறது. ஈயம் வைத்து முனையைக் கெட்டியாக்குவது பழைய ஆட்களின் பழக்கம், திருகு டெர்மினலுக்கு அது ஆகாது. ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கும், திருகு லூஸ் ஆகும்.

கேபிள் டையை நரம்பு புடைக்க இறுக்குவதையும் விடச் சொல்லியிருக்கிறேன். வெட்டின முனை பிளேடுமாதிரி நிற்கும், அடுத்தவன் கையைக் கிழிக்கும். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் மெழுகு நூலால் வயர்களைக் கட்டியிருப்பார்கள், பூ தொடுக்கிற மாதிரி, முடிச்சுக்கு முடிச்சு. அவ்வளவு பொறுமைக்கு இப்போது யாரும் கூலி தருவதில்லை.

அழகான பேனலில் பார்த்தாலும் தெரியாத கோளாறுகள் வேறு இருக்கின்றன. ஒரு சைட்டில் காலை ஆறு மணி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மட்டும் கன்ட்ரோலர் ரீஸ்டார்ட் ஆகும். மற்ற நேரம் தங்கம். மூன்று நாள் விடியற்காலையில் போய் உட்கார்ந்தேன். லாக் என்பது ஒரு பெரிய காயில். கரண்டை வெட்டுகிற நொடியில் அது எதிர்ப்பக்கமாக ஒரு உதை உதைக்கும், 12 வோல்ட் லைனில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு கண்ணிமைப்பு நேரம் பாயும். அதை அங்கேயே அமுக்க லாக்கின் ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடு போட வேண்டும், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். 1என்4007, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். அது ஒரு கதவிலும் இல்லை. ஷிப்ட் மாறும்போது எல்லாக் கதவும் மாற்றி மாற்றித் திறக்க, உதை மேல் உதை. சிலர் டயோடை பேனலுக்குள் போட்டுவிட்டு, போட்டாச்சு என்பார்கள். உதை அறுபது மீட்டர் வயரில் ரீடர் லைனை உரசிக்கொண்டு வந்த பிறகு அமுக்கி என்ன பயன்? லாக் பக்கத்தில் போட வேண்டும், ஏணியில் ஏறி.

அறுபது மீட்டர் என்றதும் ஒரு கணக்கு. 12 வோல்ட் லாக் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். 0.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் கிலோமீட்டருக்கு 39 ஓம். போக வர 120 மீட்டர், நாலரை ஓமுக்கு மேல் வழியிலேயே. லாக்குக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்தான். கதவு பூட்டினமாதிரி இருக்கும், கொஞ்சம் பலமான ஆள் இழுத்தால் வந்துவிடும். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். போட்டால் 11 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். வயரில் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

அப்புறம் பல்லி. பெட்டியின் அடியில் கேபிள் வர ஓட்டை தட்டியிருப்பார்கள், பத்தில் நாலைத்தான் பயன்படுத்துவார்கள், மிச்சம் ஆறு திறந்து கிடக்கும். எஸ்.எம்.பி.எஸ். கதகதப்பாக இருக்கும், மழைக்காலத்தில் பல்லிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் பார்த்திருக்கிறேன். பேனல் கருகி, பல்லியும் கருகி, அந்த நாற்றம் ரெண்டு நாள் மூக்கிலிருந்து போகாது. சும்மா இருக்கிற ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடி, வயர் வருகிற ஓட்டைக்கு கிளாண்ட். இதற்கும் பில்லில் வெட்டு விழும்.

லூப் போட்டிருந்த கம்பெனிக்கு வருகிறேன். ஒத்திகைக்குப் பிறகு அவர்கள் என்னைத் துரத்தவில்லை, அதுவே பெரிய விஷயம். அடுத்த பொங்கல் ஷட்டவுனில் பேனலை முழுசாகப் பிரித்துக் கட்ட அனுமதி கொடுத்தார்கள். நாலு நாள். லைன் ஓடாத கம்பெனி ஒரு விசித்திரமான இடம், காக்கா கத்துவது உள்ளே கேட்கும். தம்பிக்கு மாட்டுப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரம், இருந்தாலும் உட்கார்ந்து வேலை செய்தான்.

டக்ட் மூடிகளில் பாதியைத் தூக்கிப்போட்டேன். லாக் லைனும் ஃபயர் லைனும் வருகிற இடத்தில் மூடியே கிடையாது, டக்டும் கிடையாது. ஆரஞ்சு வயர்கள் வெளியே தெரிகிற மாதிரி தனி டெர்மினலில். ஒவ்வொரு கதவுக்கும் கை நீளம் வயர் உபரியாகச் சுற்றி வைத்தோம், நாளைக்குப் போர்டு மாற்றினால் ஜாயிண்ட் போட வேண்டியிருக்காது. கதவுக்கு ஒரு ஃபியூஸ், ஒரு லாக் ஷார்ட் ஆனால் மற்ற ஏழும் சாகக் கூடாது. பேட்டரி முனைக்கும் ஒரு ஃபியூஸ். பெட்டிக் கதவுக்கு எர்த் வயர், அது இல்லாமலே இத்தனை நாள் இருந்திருக்கிறது. கடைசியாக, என்ன எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம்.

"அண்ணே, முன்ன இருந்ததுதான் பாக்க நல்லா இருந்துச்சு" என்றான் தம்பி. பொய் சொல்லவில்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தால் ரெண்டு கட்டைவிரல்கூடத் தேறியிருக்காது.

ஃபயர் பேனலில் அலாரம் கொடுத்துப் பார்த்தோம். கன்ட்ரோலரின் எட்டு லாக் ரிலேயும் சும்மாவே இருக்க, எட்டுக் கதவும் 'டொக்'கென்று விட்டன. பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு கதவாகப் போய்த் தானே தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் பராமரிப்பு வேறொருவருக்குப் போய்விட்டது, விலை குறைத்துக் கேட்டார்களாம். ஆயுத பூஜை முடிந்து ரெண்டு நாளில் வேறொரு வேலையாக அதே கம்பெனிக்குப் போனேன். பழக்கதோஷம், பேனல் ரூமில் எட்டிப் பார்த்தேன். பெட்டி நெற்றியில் சந்தனம் குங்குமம், மேலே காய்ந்த சாமந்தி. திறந்தேன். (சாவி என்னிடம் இருந்தது. ஒரு கம்பெனி முழுக்க யார் உள்ளே போகலாம் என்று முடிவு பண்ணுகிற பெட்டிக்கு, கடைகடையாக விற்கிற ஒரே மாதிரிச் சாவிதான்.) உள்பக்கத் தாளிலும் யாரோ பக்தியாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள், மூணாம் கதவின் டெர்மினல் நம்பர் சரியாக அதற்கடியில் மறைந்திருந்தது. தாளின் ஓரத்தில், எனக்குத் தெரியாத கையெழுத்தில், நீலப் பேனாவில் ரெண்டு வரி, தேதி போட்டு:

'5-ம் கதவு ரீடர் மாத்தியாச்சு. வயர் பழசுதான். ஆரஞ்சைத் தொடல.'